கிளுவை வேலியைத் திருப்பிக் கொடுங்கள்: நம் புகைப்பட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்ற நிர்வாகிகளுக்கும் ஆண்டுக் கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கும்,

போன மாதம் நடந்த கண்காட்சியில், இயற்கைப் பிரிவில், மண்டபத்தின் இடது பக்கச் சுவரில் ஒரு பனங்காடைப் பறவையின் படம் தொங்கியது. கீழே என் பெயர் இருந்தது. சிறப்புப் பரிசும் கொடுத்தீர்கள். அந்தப் படம் நான் எடுத்ததில்லை. நான் அனுப்பிய படத்திலிருந்து குருவியை மட்டும் வெட்டியெடுத்து, அதைச் சுற்றி நீங்களாக வேறோர் ஊரை உண்டாக்கி, அதற்கு என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே கேட்டேன். "சின்ன டச்-அப்தானுங்க, படம் தூக்கலா இருக்கட்டும்னு செஞ்சது" என்றார். அப்புறம் இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. போன வாரம் அடுத்த ஆண்டுக்கான விதிகள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது: இயற்கைப் படத்தில் மனிதத் தடமே இருக்கக் கூடாது, உயிரினம் படத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று. அதைப் படித்த பிறகு இனித் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நான் எடுத்த படம் எது என்று சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

மூலனூர் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது. மன்றத்தில் வெளியூர்க்காரர்களும் இருப்பதால் சொல்கிறேன்: கொறங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் பார்க்கலாம். கீழே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம், சுற்றிலும் முள்கிளுவையை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி. காங்கயம் மாடு தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வளர்ந்தது இந்தப் புல்லில்தான். பங்குனியில் கிளுவை இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியும் முள்ளுமாக நிற்கும். அந்த வேலியோரத்தில் ஒரு கல்லுக்கால். அதன் உச்சியில் தினமும் காலையில் ஒரு பனங்காடை வந்து உட்காரும்.

நான் காங்கயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். கேமராவை எடுக்க எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். இரண்டு வருடம், மாசியிலிருந்து சித்திரை வரைக்கும், கிடைத்த ஞாயிறெல்லாம் பெரியப்பா காட்டுக்குப் போனேன். முதல் வருடம் அது பறக்கும் படத்துக்காகத்தான் காத்திருந்தேன். பனங்காடை இறக்கையை விரித்தால் தெரியும் அந்த நீலத்தை ஒருதரம் பார்த்துவிட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? கிடைத்தது, நாலைந்து நல்ல படங்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது, இவற்றை எந்த ஊரிலும் எடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. பெரியப்பா காட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஆடுகளைத் திறந்துவிட்டதும் பனங்காடை கல்லுக்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தலையைச் சாய்த்துப் புல்லையே பார்க்கும். ஆடு நடக்க நடக்க வெட்டுக்கிளி கிளம்பும், அதற்காக அந்தக் காவல். இறக்கையை மடக்கியிருக்கும்போது அது மங்கலான பழுப்பு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கல்லோடு கல்லாகிவிடும். எனக்கு அந்தக் காத்திருப்புதான் வேண்டும் என்று தெரிவதற்கே ஒரு வருடம் ஆனது.

அடுத்த பங்குனியில் எடுத்த படம் இப்படி: இடது மேல் மூலையில் கல்லுக்கால், அதில் சின்னதாகப் பனங்காடை. அங்கிருந்து வலது ஓரம் வரைக்கும் மொட்டைக் கிளுவை வேலி ஓடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழு செம்மறிகளின் முதுகுகள், தலையெல்லாம் புல்லுக்குள். கீழே ஒரு முள்ளில் ஆட்டு ரோமம் ஒரு கொத்து சிக்கி ஆடிக்கொண்டிருக்கிறது. வெகு தூரத்தில் ஒரு காத்தாடி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நம் பக்கம் நட்டுவைத்த காற்றாலைகளில் ஒன்று. வானம் வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தது. பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஊர் வானம் அப்படித்தான் இருக்கும், அதை நான் மாற்ற நினைக்கவில்லை.

நீங்கள் மாட்டிய படத்தில் பனங்காடை நடுவில், பெரிதாக. வேலி இல்லை. ஆடு இல்லை, ரோமக் கொத்து இல்லை, காத்தாடி இல்லை. கல்லுக்காலில் பாதி மிச்சம். வேலி இருந்த இடத்தில் மென்பொருள் இட்டு நிரப்பிய பச்சைப் புல், மங்கலாக, எந்த ஊர்ப் புல் என்றே சொல்ல முடியாத ஒன்று. பங்குனியில் மூலனூரில் பச்சைப் புல்! வானம் தங்க நிறம். குருவியின் மேல் விழுந்திருக்கும் வெளிச்சம் காலை ஒன்பது மணியுடையது, பின்னால் இருக்கும் வானம் மாலை ஆறு மணியுடையது. பரிசு கொடுத்த நடுவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. வந்தவர்களெல்லாம் "பேக்ரவுண்டு அருமைங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் எடுக்காத ஒன்றுக்காக எனக்குக் கிடைத்த பாராட்டு அது. அங்கே நின்றுகொண்டிருந்த அரை மணி நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் பெரியப்பா வந்தார். எழுபத்து நாலு வயது, இரண்டு பஸ் மாறி, வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, தன் காடு கண்காட்சியில் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "குருவி நம்முளுதாட்டத்தான் இருக்குது. காடு எங்க கண்ணு?" என்றார்.

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

நம் கொங்கு நாட்டில் காடு என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வானத்தைப் பார்த்திருந்தால் காடு. "காட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க" என்று ஒருவர் சொன்னால் புலியைப் பார்க்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை, சோளத்தையோ ஆட்டையோ பார்க்கப் போகிறார். மனிதரும் மாடும் குருவியும் சேர்ந்து புழங்குகிற இடத்துக்கே நாம் வைத்திருக்கிற பெயர் காடு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, இயற்கைப் படத்தில் மனிதத் தடமே இருக்கக் கூடாது என்று விதி எழுதினால் நாம் எதைப் படம் எடுப்பது? திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-இல் சேர்ந்தது. இரண்டுமே மனிதர்கள் கரை கட்டித் தண்ணீர் தேக்கிய இடங்கள். அந்தக் கரையையும், மதகையும், கரையில் நடக்கிறவரையும் ஒதுக்கிவிட்டு அங்கே வருகிற பறவைகளைக் காட்டலாம்தான், ஆனால் அவை ஏன் அங்கே வந்தன என்பது அந்தப் படத்தில் இருக்காது.

சுற்றறிக்கையில் "சர்வதேச விதிகளின்படி" என்று போட்டிருக்கிறீர்கள். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, இங்கிலாந்தின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் ஒத்துக்கொண்ட இயற்கைப் புகைப்பட வரையறையை நான் எடுத்துப் படித்தேன். மனிதக் கூறுகள் கூடாது என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அதே வாக்கியத்தில் விலக்கும் இருக்கிறது: மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிர்களின் கதையில் அந்தக் கூறு பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால் வரலாம், கூகை, நாரை மாதிரி என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். கல்லுக்காலில் உட்கார்ந்து ஆட்டுக்காகக் காத்திருக்கும் பனங்காடை அதற்குள் வராதா? அதே வரையறை இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. படத்தில் இருக்கும் எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, நீக்கவோ கூடாது, ஓரம் வெட்டுவதைத் தவிர. அதன்படி பார்த்தால் விதியை மீறிய படம் நான் அனுப்பியது இல்லை, நீங்கள் தொங்கவிட்டதுதான். அதற்குத்தான் பரிசு போயிருக்கிறது.

உயிரினம் படத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்ற புது விதி அந்த வரையறையில் எங்கும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, யாரை வெளியே நிறுத்தும் என்று தெரிகிறது. என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய ஒரு கேமராவும் 70–300 லென்ஸும். தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் 600 எம்எம் எஃப்4 லென்ஸ் வேண்டுமென்றால் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். மில்லில் கணக்கு எழுதுகிறவளும், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற தம்பியும், கல்லூரிப் பிள்ளைகளும் பறவையை மூன்றில் ஒரு பங்காகக் காட்ட வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது: கிட்டே போவது. கூட்டுக்குக் கிட்டே, குஞ்சுக்குக் கிட்டே. அந்த ஆசை என்ன செய்யும் என்று எனக்கு நேராகத் தெரியும்.

2017-இல், கேமரா வாங்கிய புதிதில், எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. முன்னால் இரண்டு கிளைகள் மறைத்தன. பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். கிளைகளை ஒதுக்கி நூலால் கட்டினேன், ஒடிக்கக்கூட இல்லை. படம் நன்றாக வந்தது. நூலை அவிழ்க்க மறந்து வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் கூடு காலியாக, ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. காக்காயோ என்னவோ. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை, அழிக்கவும் இல்லை. அந்த இரண்டு கிளைகள் தொல்லை என்று நான் நினைத்தேன், அவை அந்தக் கூட்டின் கதவு. அன்றிலிருந்து குறுக்கே நிற்கும் குச்சியையும் வேலியையும் நான் படத்தை விட்டு விரட்டுவதில்லை.

கண்காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பறவைக்குத் தெரியாமல் மறைந்து உட்கார்ந்து படம் எடுக்க, மன்றம் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போன அந்த மறைவிடப் பயணத்துக்கு நானும் வந்தேன். பாசி படர்ந்த ஒரு குச்சியை நட்டு, பின்னால் பச்சைத் திரை விட்டு, புழுவை வைத்திருந்தார்கள். பதினான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே குச்சியில் ஒரே குருவியை எடுத்தோம். கண்காட்சிச் சுவரில் அந்தக் குச்சியை நான் ஒன்பது படங்களில் எண்ணினேன். எடுத்தவர்கள் ஒன்பது பேர், பெயர்ப் பலகையை மறைத்துவிட்டால் யாருடையது எது என்று அவர்களுக்கே தெரியாது. புழு வைத்தது எந்தப் படத்தின் கீழும் எழுதப்படவில்லை. லண்டனில் நடக்கும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் 2009-இல் ஓநாய்ப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள், பிறகு அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து 2010-இல் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே திருத்திக்கொண்டார்கள். நாம் திருத்திக்கொள்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

இதையெல்லாம்விட எனக்கு மனசு கனத்தது வேறு ஒரு விஷயத்தில். நம் மன்றத்தில் இரண்டாம் ஆண்டு கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். நொய்யல் ஆற்றில் நுரை மிதக்கிற இடத்தில் நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும் படங்கள் சிலவற்றைப் போன மழைக்காலத்தில் எடுத்தார். அவருடைய ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கி, தண்ணீர் தேக்கவே கூடாது என்று விவசாயிகள் நீதிமன்றம் போன அணை. 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது இந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தால் அதிகம். அந்த ஆற்றோடு வளர்ந்த பிள்ளை அந்த ஆற்றை எடுத்திருக்கிறார். ஒரு படம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது: அந்தச் சிவந்த நீளக் கால்கள் நுரைக்குள் இறங்கி, முழங்காலுக்குக் கீழே காணாமல் போயிருக்கும். பறவை குனிந்து நுரைக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருக்கும். தேர்வுக் குழு "நெகட்டிவா இருக்குது, பார்க்கறவங்களுக்குச் சந்தோசம் வரணும்" என்று திருப்பி அனுப்பியது. அடுத்த மாதம் நான் அவரிடம் அந்தப் படங்களைக் கேட்டேன். "அதையெல்லாம் டெலீட் பண்ணிட்டனுங்க்கா" என்றார். இப்போது அவரும் அந்தப் பாசிக் குச்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு பையன் தன் ஆற்றைப் பார்த்த பார்வையை நாம் அழிக்க வைத்திருக்கிறோம். எனக்கு இதில் பங்கு உண்டு, ஏனென்றால் அன்றைக்குக் கூட்டத்தில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

மா. கிருஷ்ணனைப் பற்றி நம் வகுப்புகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 1912-இல் பிறந்து 1996 வரைக்கும் வாழ்ந்த மனிதர், முதுமலை யானைகளை எடுத்தவர், தமிழிலும் எழுதியவர். ஊரெல்லாம் கலருக்குப் போன பிறகும் அவர் கருப்பு வெள்ளையை விடவில்லை. பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கேமராவில் எடுத்தார். அவர் படங்களை நம் சுற்றறிக்கை விதிகளோடு அனுப்பினால் எத்தனை தேறும் என்று தேர்வுக் குழுவினர் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த மன்றம்தான், கையில் காசில்லாதபோது டிரைபாட் கொடுத்ததும் இந்த மன்றம்தான். படம் பிடிக்கவில்லையென்றால் நிராகரித்திருக்கலாம். "குருவி சின்னதா இருக்குதுங்க, எங்களுக்குச் செட்டாகலை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன், வருத்தம்கூட இருந்திருக்காது. நானெல்லாம் பொழுதுபோக்குக்கு எடுக்கிறவள். இதில் சம்பாத்தியம் கிடையாது. எனக்கென்று இதில் இருப்பது நான் எதைப் பார்த்தேன், எப்படிப் பார்த்தேன் என்பது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு என் பெயரை மட்டும் மாட்டினால் எனக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே நான் கேட்பவற்றை நேராகவே எழுதிவிடுகிறேன். கண்காட்சியில் என் பெயரில் வைத்த படம் என் அனுமதியில்லாமல் மாற்றப்பட்டது என்று அடுத்த மாதக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும், குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். ஆண்டு மலரில் அந்தப் படம் வரக் கூடாது. வருவதாக இருந்தால் நான் அனுப்பிய மூலப்படம் வெட்டாமல் வர வேண்டும். சான்றிதழையும் பரிசுப் பணம் 3000 ரூபாயையும் கூட்டத்தில் திருப்பித் தருகிறேன், பெற்றுக்கொள்ளுங்கள். கேமராவில் பதிவான ரா ஃபைலையும் கொண்டுவருகிறேன், யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இனிமேல் எந்த உறுப்பினரின் படத்திலும், ஓரம் வெட்டுவது உட்பட, எழுத்தில் சம்மதம் வாங்காமல் கை வைக்க மாட்டோம் என்று விதியில் சேர்க்க வேண்டும்.

சுற்றறிக்கையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு விதியை எடுத்துவிடுங்கள். மனிதத் தடம் பற்றிய விதியை அந்தச் சர்வதேச வரையறையில் உள்ளபடி, விலக்கோடு சேர்த்து, முழுதாகப் போடுங்கள். இரை வைத்தோ, போனில் கூவல் ஒலி போட்டு வரவழைத்தோ எடுத்த படமென்றால் அதைப் படத்தின் கீழே சொல்ல வேண்டும் என்றும், பறவைக் கூடுகளின் படங்களே வேண்டாம் என்றும் சேருங்கள். பறவையோ பூச்சியோ தான் வாழும் இடத்தோடு இருக்கும் படங்களுக்கு 'வாழிடம்' என்று தனிப் பிரிவு ஒன்று தொடங்குங்கள். அதில் எடுத்தவர் மூன்று வரி எழுதட்டும், எங்கே, எப்போது, எதற்காக எடுத்தேன் என்று. நடுவர்கள் அதைப் படித்துவிட்டு மதிப்பிடட்டும்.

அந்த மாணவரை நிர்வாகிகளில் யாராவது ஒருவர் நேரில் கூப்பிட்டு, நொய்யலை மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் போதாது, திருப்பி அனுப்பிய குழுவே சொல்ல வேண்டும். எடுத்து வந்தால் அடுத்த கண்காட்சியில் அதற்கு ஒரு சுவர் ஒதுக்குங்கள்.

ஆண்டு மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த மாதக் கூட்டம் நடக்கும் அறையில் ஒரு நாளைக்காவது என் மூலப்படத்தை மாட்டுங்கள், பிரிண்ட் செலவு என்னுடையது. கீழே வெறுமனே பனங்காடை என்று போடாமல், "பனங்காடை, கொறங்காடு, மூலனூர் பக்கம், பங்குனி காலை" என்று போடுங்கள். பெரியப்பாவை அன்றைக்கு மறுபடி கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது வருடமாகச் சந்தா கட்டிவரும் உங்கள் மன்ற உறுப்பினர்,
காங்கயம்